பெண்கள் அமைப்புகளுக்கான பணம் யார் கை வழியாகப் போக வேண்டும்?

ஒரு வெளியுறவு அமைச்சகமோ அறக்கட்டளையோ இப்படித் தீர்மானித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: போராலும் ஆட்சிக் கவிழ்ப்பாலும் நிலைகுலைந்த நாடுகளில் பெண்ணுரிமைக்காக உழைக்கும் உள்ளூர் அமைப்புகளுக்கு ஐந்தாண்டுகளில் ஒரு கோடி டாலர் தருவது. தொகை முடிவாகிவிட்டது. நோக்கத்திலும் கருத்து வேறுபாடு இல்லை. யாரிடம் கொடுத்தனுப்புவது என்பதுதான் மிச்சம். ஐ.நா.விடமா, பெரிய பன்னாட்டுத் தொண்டு நிறுவனத்திடமா, பெண்களே நடத்தும் நிதியங்களிடமா, நேரே அந்தச் சிறு அமைப்புகளிடமா, இல்லை அந்த நாட்டு அரசின் மகளிர் அமைச்சகத்திடமா?

பெரும்பாலும் இந்தக் கேள்வி வசதியை வைத்தே தீர்க்கப்படுகிறது. எந்த நிறுவனத்தோடு ஏற்கெனவே ஒப்பந்தம் இருக்கிறதோ, யாருடைய தணிக்கை அறிக்கை மறுகேள்வி இல்லாமல் கோப்பில் ஏறுமோ, அவர்களிடம் பணம் போய்விடுகிறது. நான் வேறோர் அளவுகோலை முன்வைக்கிறேன். அந்த நாட்டின் மிக மோசமான வாரத்தை நினைத்துப் பாருங்கள். அரசு விழுந்துவிட்டது, வங்கிகள் மூடிக்கிடக்கின்றன, அமைப்பின் செயலாளர் வீடு மாற்றி வீடு ஒளிந்து வாழ்கிறார். அந்த வாரத்தில் இந்த வழியில் பணம் போகுமா? போகாவிட்டால் அதன் இழப்பு யார் தலையில் விழும்? சாதாரண நாட்களில் எல்லா வழிகளுமே ஓரளவு ஒழுங்காகத்தான் இயங்கும். அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் அந்த ஒரு வாரத்தில்தான் தெரியவரும்.

முதலில் பணத்தின் அளவைப் பார்த்துவிடலாம். பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. 2022இல் 60 நாடுகளையும் பகுதிகளையும் நிலையற்றவை என்று பட்டியலிட்டது. உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் அங்கே வாழ்கிறார்கள். கடும் வறுமையில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுத்தான் குறைவு. இந்த நாடுகளுக்கு நன்கொடை நாடுகள் தரும் உதவியில் பாலினச் சமத்துவத்தையே முதன்மை நோக்கமாகக் கொண்டது 100 டாலருக்குச் சுமார் 5 டாலர்தான். பெண்ணுரிமை அமைப்புகளின் கைக்கே போய்ச் சேர்வது ஒரு டாலர்கூடத் தேறாது. அறிக்கைகளில் தெரியும் தொகை இதைவிடப் பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு திட்டத்துக்கும் 0, 1, 2 என்று ஒரு பாலினக் குறியீடு தரப்படுகிறது; 2 என்றால் பாலினச் சமத்துவமே முதன்மை நோக்கம், 1 என்றால் பல நோக்கங்களில் ஒன்று. பெண்களும் பயனடைவார்கள் என்று ஒரு நோக்கத்தைச் சேர்த்து 1 வாங்கிவிட்ட குடிநீர்த் திட்டமோ வேளாண் திட்டமோ முழுத்தொகையோடு பாலினச் சமத்துவக் கணக்கில் ஏறிவிடுகிறது. முடிவெடுப்பவர் 2 என்ற குறியீட்டை மட்டும் பார்ப்பது நல்லது. அதிலும் எவ்வளவு பணம் பெண்கள் அமைப்பின் வங்கிக் கணக்கை அடைந்தது என்று கேட்பது இன்னும் நல்லது.

அமைப்புகளுக்கே ஏன் தர வேண்டும் என்ற கேள்விக்கு வலுவான சான்று இருக்கிறது. அரசியல் ஆய்வாளர்கள் மாலா ஹ்டுன், லாரல் வெல்டன் இருவரும் 1975 முதல் 2005 வரை 70 நாடுகளை ஒப்பிட்டு 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான சட்டங்களும் கொள்கைகளும் உருவாவதை எது தீர்மானிக்கிறது என்பது அவர்கள் கேள்வி. நாட்டின் செல்வ வளம், இடதுசாரிக் கட்சிகளின் பலம், நாடாளுமன்றத்தில் பெண்களின் எண்ணிக்கை ஆகிய எல்லாவற்றையும்விட, அரசையோ கட்சிகளையோ சாராமல் தனித்து இயங்கும் பெண்கள் இயக்கம் இருக்கிறதா என்பதே தீர்மானிக்கும் காரணியாக வந்தது.

உள்நாட்டுப் போர் நடந்த லைபீரியாவில் 2003இல் கண்டதும் இதே திசையைக் காட்டுகிறது. மன்றோவியாவின் மீன்சந்தைக்கு அருகே, அதிபர் சார்லஸ் டெய்லரின் வாகனங்கள் போகும் பாதையில், கிறித்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடையில் வெயிலிலும் மழையிலும் அமர்ந்தார்கள். பேச்சுவார்த்தை கானாவின் அக்ராவுக்கு நகர்ந்தபோது அந்தப் பெண்களை வழிநடத்திய லேமா போவீயும் மற்றவர்களும் அங்கேயும் போய், பேச்சு நடந்த மண்டபத்தின் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். 2003 ஆகஸ்ட் 18 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது. 2011இல் போவீக்கு அமைதிக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. எந்தத் திட்ட வரைவிலும் "மண்டப வாசலை மறித்தல்" என்று ஒரு செயல்பாட்டை எழுதியிருக்க முடியாது. மேற்கு ஆப்பிரிக்க அமைதிக் கட்டமைப்பு வலையமைப்பின் கீழ் ஒரு பெண்கள் பிரிவு முன்பே இருந்தது. ஒருவரையொருவர் அறிந்த பெண்கள் அதில் இருந்தார்கள். நெருக்கடி வந்த நாளில் அவர்களால் எழுந்து நிற்க முடிந்ததற்கு அதுவே காரணம். நன்கொடையாளரால் வாங்கித் தர முடிவதும் இதுதான்: நெருக்கடி வரும்போது அமைப்பு உயிரோடிருப்பது.

மகளிர் அமைச்சகம்

அரசு வழியாகத் தருவதற்கு ஆதரவான வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. சட்டம் இயற்றுவதும் நீதிமன்றம் நடத்துவதும் அரசின் வேலை. லைபீரியாவையே எடுத்துக்கொண்டால், போருக்குப் பின் அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃப் ஆட்சியில் பாலியல் குற்றங்களை மட்டும் விசாரிக்கத் தனி நீதிமன்றம் அமைந்தது. அதைத் தொண்டு நிறுவனம் எதுவும் செய்திருக்க முடியாது.

ஆனால் ஆப்கானிஸ்தானைப் பாருங்கள். தாலிபான் ஆட்சி முதன்முறை வீழ்ந்த பின் இடைக்கால அரசை அமைத்த 2001 டிசம்பரின் பான் உடன்படிக்கையிலேயே மகளிர் விவகார அமைச்சகத்துக்கு இடம் இருந்தது. 20 ஆண்டுகள் பன்னாட்டு உதவியில் அது வளர்ந்தது. 2009இல் பெண்கள் மீதான வன்முறையை ஒழிக்கும் சட்டமும் அதிபர் ஆணையாக வந்தது. 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபானிடம் வீழ்ந்தது; செப்டம்பரில் அந்த அமைச்சகம் இல்லை. அதன் கட்டடத்தில் நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் அமைச்சகத்தின் பெயர்ப்பலகை ஏறியது. மோசமான வாரம் என்று நான் சொல்வதன் முழுப்பொருள் இது. அந்த வாரத்தில் இந்த வழி அடைபடுவதோடு நிற்பதில்லை, எதிராளியின் கைக்கும் போய்விடுகிறது. அமைச்சகம் வைத்திருந்த பதிவேடுகளும் தொடர்பு விவரங்களும் அதோடு சேர்ந்து போகக்கூடியவை.

ஆகவே இந்த ஒரு கோடியிலிருந்து அமைச்சகத்துக்கு எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. அரசு நிலைபெற்றிருந்தால் அதற்கு வேறு தலைப்பில், வேறு பணத்தில் தாராளமாக உதவலாம். அரசைக் கண்காணித்துக் கேள்வி கேட்க வேண்டிய அமைப்புகளும் அதே அரசும் ஒரே பையிலிருந்து பங்கு கேட்கும் நிலையை மட்டும் உருவாக்கக் கூடாது.

பெரிய நிறுவனங்கள்

பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களும் ஒப்பந்த நிறுவனங்களும் நன்கொடையாளருக்கு மிகவும் வசதியானவை. ஒரே கையெழுத்தில் பெருந்தொகையை ஒப்படைக்கலாம். கணக்காளர், கொள்முதல் விதி, பாதுகாப்பு அதிகாரி எல்லாம் அவர்களிடமே உண்டு. ஆனால் பெரிய திட்டத்தின் ஆபத்தும் பெரிது. ஆப்கானியப் பெண்களுக்காக அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் 2014இல் 'ப்ரமோட்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் யுஎஸ்எய்டின் பங்கு 21.6 கோடி டாலர். 75,000 இளம்பெண்களைத் தலைமைப் பொறுப்புகளுக்கு உயர்த்துவது இலக்கு. 2018 செப்டம்பரில் ஆப்கான் மறுசீரமைப்புக்கான அமெரிக்கச் சிறப்புத் தணிக்கையாளர் அதை ஆராய்ந்தார். மூன்றாண்டுகளில் கிட்டத்தட்ட 9 கோடி டாலர் செலவாகியிருந்தது. பெண்களின் நிலை உயர்ந்ததா என்று காட்டும் சான்றைத் திட்டத்தால் தர முடியவில்லை. பணம் கொண்டுபோய்ச் சேர்த்த வழி வெளிநாட்டு ஒப்பந்த நிறுவனங்கள். பயிற்சிக்கு வந்த தலைகளை எண்ணும் முறை இருந்தது. பயிற்சி முடிந்த பெண்ணுக்கு ஒரு வேலை, ஒரு பதவி, ஒரு பாதுகாப்பு என்று எதைக் காட்டுவது என்பதற்குத் தெளிவான ஏற்பாடு இருக்கவில்லை.

இதே வழியில் நல்ல விதி போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவைப் பார்க்கலாம். 2017இல் அந்நாடு தன் பெண்ணிய உதவிக் கொள்கையை அறிவித்தபோது 'பெண்களின் குரலும் தலைமையும்' என்ற திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் 15 கோடி கனடிய டாலர் ஒதுக்கியது. 30க்கும் மேற்பட்ட நாடுகளில் பெரும்பாலும் கனடாவின் தொண்டு நிறுவனங்களே இடையில் நின்றன. ஆனால் உள்ளூர்ப் பெண்கள் அமைப்புகளுக்குப் பல ஆண்டு நிதி, அவசரச் சிறுநிதி, அமைப்பை வலுப்படுத்தும் உதவி ஆகியவை தரப்பட வேண்டும் என்பது திட்டத்தின் அமைப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. 2023இல் அது மேலும் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. இடைத்தரகர் யார் என்பதைப் போலவே இடைத்தரகருக்கு என்ன கட்டளை என்பதும் முக்கியம் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியும் ஒரு குறை தீராது. பெரிய நிறுவனம் வரும் இடத்தில் உள்ளூர் அமைப்பு கூலிக்கு வேலை செய்யும் கிளையாக மாறிவிடும். நிவாரணப் பொதிகளைப் பகிர்வது, கணக்கெடுப்புக்கு ஆள் அனுப்புவது, ஊர்ப் பெண்களைக் கூட்டத்துக்கு அழைத்துவருவது என்று அவர்கள் வேலை சுருங்கும். ஆபத்தான சாலையில் போவது அவர்கள். நிர்வாகச் செலவுக்கான விழுக்காடு தலைமையகத்தில் நின்றுவிடும். திறமையான பணியாளரையும் இரண்டு மூன்று மடங்கு சம்பளம் கொடுத்துப் பெரிய நிறுவனமே எடுத்துக்கொள்ளும். இந்தக் கடைசிச் சேதம் எந்த மதிப்பீட்டு அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை என்பது எனக்கு உறுத்தலான விஷயம்.

ஐ.நா. நிதியங்கள்

பெண்கள் மீதான வன்முறையை ஒழிப்பதற்கான ஐ.நா. அறக்கட்டளை நிதி 1996இல் பொதுச்சபைத் தீர்மானத்தால் உருவானது. 2016இல் வந்த பெண்கள் அமைதி மற்றும் மனிதாபிமான நிதியம் நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. பல நாடுகள் போடும் பணத்தை ஒன்றுசேர்த்து, நெருக்கடி நாடுகளின் உள்ளூர்ப் பெண்கள் அமைப்புகளுக்குப் பிரித்துத் தருவதுதான் அதன் வேலை. அதன் ஓர் ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். திட்டத்துக்கான நிதியைத் தவிர, அமைப்பு உயிரோடிருப்பதற்கென்றே 2,500 முதல் 30,000 டாலர் வரை தனியாகத் தருகிறது. வாடகை, சம்பளம், கணினி, பூட்டு என்று எதற்கும் அதைச் செலவிடலாம். சமாதானப் பேச்சுகளுக்குப் பெண் பிரதிநிதிகளை அனுப்ப விரைவுநிதிச் சாளரம் ஒன்றும், ஆபத்திலுள்ள பெண் மனித உரிமைக் காப்பாளர்களுக்கு மற்றொன்றும் அதில் உண்டு.

இந்த வழியின் பலம் மோசமான வாரத்தில் தெரியும். தூதரகங்கள் மூடிய பிறகும் ஐ.நா. பேச்சு நடத்தும். தடைவிதிப்புகளுக்கிடையே பணத்தை உள்ளே கொண்டுவரும் ஏற்பாடும் சட்டப் பாதுகாப்பும் அதற்கு உண்டு. 2021க்குப் பிறகு ஆப்கானிஸ்தானின் மத்திய வங்கிச் சேமிப்பு வெளிநாடுகளில் முடக்கப்பட்டபோது ஐ.நா.தான் டாலர் நோட்டுகளை விமானத்தில் இறக்கியது. தனியார் அறக்கட்டளையால் அதைச் செய்ய முடியாது.

அதே நாட்டில் இந்த வழியின் எல்லையும் தெரிந்தது. 2022 டிசம்பர் 24 அன்று தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை செய்யத் தாலிபான் தடை விதித்தது. 2023 ஏப்ரலில் அந்தத் தடை ஐ.நா.வின் ஆப்கானியப் பெண் ஊழியர்களுக்கும் நீண்டது. ஆட்சியாளரோடு பேசியே தீர வேண்டிய நிறுவனத்துக்கு அவர்களைப் பகைத்துக்கொள்ளும் சுதந்திரம் குறைவு.

செலவும் இருக்கிறது. கூட்டு நிதியத்தை நிர்வகிக்க 1 விழுக்காடு, அதைச் செயல்படுத்தும் ஐ.நா. முகமைக்கு 7 விழுக்காடு என்பது வழக்கமான வீதம். 100 டாலரில் 92 டாலருக்குச் சற்று மேல் அடுத்த படிக்கு இறங்குகிறது. அந்தப் படியில் இன்னொரு பெரிய நிறுவனம் நின்றால் மீண்டும் ஒரு பிடித்தம். பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியமும் ஐ.நா.வும் 2017இல் 50 கோடி யூரோவோடு தொடங்கிய 'ஸ்பாட்லைட்' முயற்சியை 2023இல் ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம் ஆராய்ந்தது. அதன் தீர்ப்பு: இலக்கு பெரிது, இதுவரை விளைவு குறைவு. ஐ.நா. வழியைத் தேர்ந்ததால் ஏறிய செலவையும் அது சுட்டிக்காட்டியது. பல முகமைகள் சேர்ந்து நடத்தும் எதற்கும் ஒருங்கிணைப்புக் கூட்டங்களே ஒரு தனித் திட்டமளவு வளர்ந்துவிடும்.

நேரடியாகக் கொடுத்தால்?

கேட்க மிக நியாயமாக ஒலிப்பது இதுதான். இடைத்தரகர் வேண்டாம், பணத்தை அந்தப் பெண்களிடமே கொடுங்கள். 2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சி மாநாட்டில் பெரிய நன்கொடையாளர்களும் முகமைகளும் ஓர் உறுதி தந்தனர்: 2020க்குள் மனிதாபிமான நிதியில் 25 விழுக்காட்டை உள்ளூர் அமைப்புகளுக்கு இயன்றவரை நேரடியாகத் தருவது. அந்தக் காலக்கெடு கடந்த பிறகும் நேரடியாகப் போன பங்கு ஒற்றை இலக்கத்தில், அதுவும் அதன் அடிப்பகுதியில்தான் கிடந்தது.

மனமில்லாமை மட்டும் இதற்குக் காரணமன்று. அவிட் என்னும் பன்னாட்டுப் பெண்ணுரிமைச் சங்கம் 2010ஆம் ஆண்டின் வரவைக் குறித்து 740 பெண்கள் அமைப்புகளிடம் கேட்டது. நடுவரிசையில் நின்ற அமைப்பின் ஆண்டு வருமானம் 20,000 டாலர். இந்த அளவுள்ள அமைப்புக்கு ஓர் அரசு 5 லட்சம் டாலர் தந்தால் அது உதவியாக இருக்காது; கணக்கு எழுதவே ஆள் எடுக்க வேண்டிவரும். 20,000 டாலர் வீதம் 500 அமைப்புகளுக்குத் தரலாம் என்றால், 500 ஒப்பந்தங்களை எந்த அமைச்சகத்தின் எந்தப் பிரிவு கவனிக்கும்? தூதரகங்களின் சிறுநிதித் திட்டங்கள் இதற்கென்றே இருக்கின்றன. ஆனால் தலைநகரில் ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரிந்தவர்கள் நடத்தும் அமைப்புகளே அவற்றை எளிதில் எட்டும். மோசமான வாரத்தில் முதலில் கிளம்பிப்போவதும் தூதரகந்தான். 2021 ஆகஸ்டில் காபூலிலும் 2023 ஏப்ரலில் சூடானின் கார்ட்டூமிலும் அதையே பார்த்தோம்.

நேரடி நிதிக்குக் கேட்கும் ஆவணங்களே சில நாடுகளில் ஆபத்தாகின்றன. மியன்மாரில் 2021 பிப்ரவரி 1 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின், 2022 அக்டோபரில் இராணுவம் அமைப்புகள் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பதியாமல் இயங்கினால் ஐந்தாண்டுகள் வரை சிறை. இந்தச் சூழலில் ஒரு நன்கொடையாளர் பதிவுச் சான்றிதழ் கேட்டால், உறுப்பினர் பட்டியலை இராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்வதாகவே பொருள். 1949இல் தொடங்கிய கரேன் பெண்கள் அமைப்பும், பல இனப் பெண்கள் குழுக்களைச் சேர்த்து 1999இல் உருவான பர்மியப் பெண்கள் சம்மேளனமும் எல்லையோரத்தில் பல்லாண்டு உழைத்தவை. நம்பகத்தன்மைக்கு அந்த வரலாற்றைவிட ஒரு முத்திரைத்தாளைப் பெரிதாக மதிப்பது தவறு.

வங்கிகள் இன்னொரு சுவர். பயங்கரவாத நிதியைத் தடுக்கும் பன்னாட்டு விதிகளில் தொண்டு அமைப்புகளைப் பற்றிய எட்டாம் பரிந்துரை பல ஆண்டுகள் கடுமையாகப் பொருள்கொள்ளப்பட்டது. சிக்கலான நாட்டுக்குச் சிறு தொகை அனுப்பும் வாடிக்கையாளரால் வங்கிக்கு லாபம் இல்லை, ஆபத்து மட்டுமே. அதனால் கணக்கை மூடிவிடும். அந்தப் பரிந்துரை 2023இல் திருத்தப்பட்டும் கவுன்ட்டரில் நிலைமை மெதுவாகத்தான் மாறுகிறது. சூடானில் போர் தொடங்கிய பின் தெருத்தெருவாக எழுந்த அவசர உதவி அறைகளும், அவற்றின் பக்கத்தில் பெண்கள் நடத்திய தனி அறைகளும், கைப்பேசிப் பணச் செயலியையும் வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களையும் நம்பியே சமையற்கூடங்களை நடத்தின. ஒரு வெளிநாட்டு அமைச்சகத்தின் நிதி விதியில் அந்தச் செயலியின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) ரசீதாக ஏற்கப்படுமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆகவே நேரடி நிதி ஒருசிலருக்கே பொருந்தும்: தணிக்கை செய்த கணக்கும், வெளிநாட்டிலேனும் ஒரு வங்கிக் கணக்கும், பல குழுக்களை உள்ளடக்கிய அமைப்பும் கொண்ட கூட்டமைப்புகளுக்கு. அவர்களுக்குத் தயங்காமல் தரலாம்.

பெண்கள் நிதியங்கள்

ஆம்ஸ்டர்டாமில் 1983இல் தொடங்கிய மாமா காஷ், 1987இல் அமெரிக்காவில் எழுந்த உலகப் பெண்கள் நிதியம், 1997இல் நெருக்கடிக்கென்றே பிறந்த அவசரச் செயல் நிதியம், 2000இல் உருவான ஆப்பிரிக்கப் பெண்கள் வளர்ச்சி நிதியம், ஆசியாவுக்கான பெண்கள் நிதியம் என்று இந்தக் குடும்பம் பெரிது. பெண்ணுரிமை இயக்கத்திலிருந்தே வந்தவர்கள் பணம் திரட்டி, அந்த இயக்கத்துக்கே சிறுசிறு தொகைகளாகத் தருகிறார்கள். பதிவு இல்லாத குழுவுக்கும் தர வழி வைத்திருக்கிறார்கள். தங்கள் மொழியிலேயே விண்ணப்பிக்கப் பல நிதியங்களில் இடமுண்டு. தலைமறைவாக வேண்டிய பெண்ணுக்குப் பயணச்சீட்டும் சில மாத வாடகையும் தேவை என்றால் அவசர நிதியங்கள் சில நாட்களில் முடிவு சொல்லும். நான் சொன்ன மோசமான வாரத்துக்கு இவ்வளவு நெருக்கமாக வேறு எந்த வழியும் வடிவமைக்கப்படவில்லை.

பெரிய அரசுப் பணத்தை இவர்களால் கையாள முடியுமா என்ற ஐயத்துக்கு நெதர்லாந்து ஒரு விடை தந்தது. 2017இல் 'தெற்கிலிருந்து தலைமை' என்ற திட்டத்தில் நான்காண்டுகளுக்கு 4 கோடி யூரோவை நான்கு நிதியங்களிடம் ஒப்படைத்தது: ஆப்பிரிக்க, ஆசிய, லத்தீன் அமெரிக்க நிதியங்கள் மூன்று, பழங்குடிப் பெண்களின் பன்னாட்டு மன்றம் ஒன்று. யாருக்குத் தருவது, எவ்வளவு தருவது என்ற முடிவு அவர்களிடமே விடப்பட்டது. கணக்கும் அறிக்கையும் ஒழுங்காக வந்தன. திட்டம் அடுத்த கட்டத்துக்கும் போனது.

குறைகளையும் சொல்ல வேண்டும். நிதியத்தின் ஆலோசகர்கள் அறிந்த வட்டத்துக்கு வெளியே இருக்கும் குழு, குறிப்பாகத் தொலைவான மாவட்டங்களின் மதம் சார்ந்த பெண்கள் குழுக்கள், கவனத்துக்கு வராமல் போகலாம். ஒவ்வொரு நிலைகுலைந்த நாட்டிலும் இவர்களுக்கு ஆழமான தொடர்பு கிடையாது. தொகை திடீரென்று பத்து மடங்கு கூடினால் அவர்களும் திணறுவார்கள்.

இவற்றைவிடப் பெரிய பலவீனம் நன்கொடையாளரின் தலைநகரத்தில் இருக்கிறது. மோசமான வாரம் அங்கேயும் வரும். 2014இல் சுவீடனின் வெளியுறவு அமைச்சர் மார்கோட் வால்ஸ்ட்ரோம் அறிவித்த பெண்ணிய வெளியுறவுக் கொள்கையை 2022 அக்டோபரில் அந்நாட்டின் புதிய அரசு கைவிட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை முடக்கியது; ஜூலை 1 அன்று யுஎஸ்எய்டின் கதை முடிந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டன் தன் உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காட்டிலிருந்து 2027க்குள் 0.3 ஆகக் குறைப்பதாகச் சொன்னது. அதே மாதத்தில், இந்தத் துறையின் முன்னோடியான நெதர்லாந்தும் பெண்ணுரிமைக்கான நிதியை வெட்டுவதாக அறிவித்தது. ஐ.நா. பெண்கள் முகமை 44 நெருக்கடி நாடுகளில் 411 பெண்கள் அமைப்புகளிடம் விசாரித்து 2025 மே மாதம் வெளியிட்ட ஆய்வில், 90 விழுக்காட்டினர் வெட்டுகளால் அடிபட்டதாகச் சொன்னார்கள். ஆறு மாதத்துக்குள் மூட நேரலாம் என்று 47 விழுக்காட்டினர் அஞ்சினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் சொந்த நாட்டில் குண்டு விழுந்தபோதும் மூடாதவர்கள். தொலைதூரத் தலைநகரம் ஒன்றில் பட்ஜெட்டில் ஓர் ஒதுக்கீடு அழிந்தபோது மூடும் நிலைக்கு வந்தார்கள்.

இதற்கு ஓரளவு மாற்று கனடாவின் சமத்துவ நிதியம். 2019இல் அரசு 30 கோடி கனடிய டாலரை மொத்தமாகக் கொடுத்து, அதை முதலீடு செய்து வருமானத்திலிருந்து பெண்கள் அமைப்புகளுக்கு உதவும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அடுத்து வரும் அமைச்சர் மனம் மாறினாலும் ஏற்கெனவே கைமாறிய மூலதனம் அப்படியே இருக்கும். சந்தை விழுந்தால் வருமானம் குறையும் என்பது உண்மை. ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் தயவுக்குக் காத்திருப்பதைவிட அந்த ஆபத்து எனக்குச் சிறிதாகப் படுகிறது.

என் பிரிப்பு

ஒரு கோடியில் 60 லட்சத்தைப் பெண்கள் நிதியங்களுக்கே தருவேன். ஒன்றுக்கு மட்டும் தராமல், அந்தப் பகுதியை அறிந்த ஒரு நிதியமும் அவசர நிதியம் ஒன்றும் என்று இரண்டுக்காவது தருவேன். ஐந்தாண்டுத் தவணையில் பாதியையாவது முதல் ஆண்டிலேயே கைமாற்றிவிடுவேன். அரசு மாறினாலும் திரும்பக் கேட்க முடியாதபடி. 20 லட்சம் ஐ.நா.வின் பெண்கள் அமைதி மற்றும் மனிதாபிமான நிதியத்துக்கு, அதுவும் அமைப்பைக் காக்கும் சிறுநிதிக்கென்று குறிப்பிட்டு. 15 லட்சம் நேரடியாக மூன்று நான்கு கூட்டமைப்புகளுக்கு. மிச்சம் 5 லட்சம் யாருக்கும் ஒதுக்காமல் கையிருப்பில் நிற்கும். மோசமான வாரம் வந்ததும், புதிய விண்ணப்பம் கேட்காமல், ஏற்கெனவே நிதி பெறும் அமைப்புகளுக்குப் போகும்.

இந்தப் பிரிப்பு எங்கும் எப்போதும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆப்கானிஸ்தானைப் போல வங்கியும் தடைவிதிப்பும் கழுத்தை நெரிக்கும் இடத்தில் ஐ.நா.வின் பங்கை 40 லட்சமாகக்கூட உயர்த்தலாம். வெளிநாட்டு நிதியத்துக்குத் தர உள்நாட்டுச் சட்டம் இடங்கொடுக்காத நன்கொடையாளர் தொண்டு நிறுவன வழியைத்தான் நாட வேண்டும். அப்போது கனடா 2017இல் எழுதியதைப் போன்ற நிபந்தனைகள் இல்லாமல் கையெழுத்திடக் கூடாது. பேச்சுவார்த்தை தொடங்கப்போகும் நாடு என்றால், பெண் பிரதிநிதிகளின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் அந்த 5 லட்சத்தை முன்கூட்டியே திறந்துவிடலாம். 2000 அக்டோபர் 31 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1325ஆம் தீர்மானத்தை ஏற்றுப் பேச்சு மேசையில் பெண்களுக்கு இடம் கேட்டது. அந்த மேசைக்குப் போய்ச்சேரும் விமானச்சீட்டுக்கு அது பணம் ஒதுக்கவில்லை.

எந்த வழியாக இருந்தாலும் ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்குவேன். உள்ளூர் அமைப்புக்கும் இடைத்தரகருக்குக் கிடைக்கும் அதே விழுக்காட்டில் நிர்வாகச் செலவு கிடைக்க வேண்டும். நன்கொடையாளரின் சின்னத்தைச் சுவரிலோ சட்டையிலோ போடும் கட்டாயம் இருக்கக் கூடாது; சில ஊர்களில் அந்தச் சின்னமே ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுத்துவிடும். போரில் ரசீது எரிந்தால், தப்பியோடியபோது கணினி பறிபோனால், அந்தத் தொகையை அமைப்பிடம் திரும்பக் கேட்கக் கூடாது; அந்த இழப்பு மேலே இருப்பவர் கணக்கில் எழுதப்பட வேண்டும். கடைசியாக, நிதியை நிறுத்துவதென்றால் குறைந்தது 12 மாத முன்னறிவிப்பும் பணியாளர்களின் கடைசிச் சம்பளமும் தர வேண்டும். முதல் மூன்றையும் பல நன்கொடையாளர்கள் இப்போது பேச ஒப்புகிறார்கள். நான்காவதைக் கேட்டால் சட்டப்பிரிவு முடியாது என்றுதான் முதலில் சொல்லும். அங்கே விட்டுக்கொடுக்காமல் நிற்க வேண்டியது அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் பொறுப்பு.